தாழ்ப்பாளைப் போட்டவன் கடன்



கோழி வளர்ப்புக்கும் தர்மத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் நானும் கேட்டிருப்பேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டு இருக்கிறது. அதன் கதவால் எனக்கு வந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் இருக்கிறது. வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, "சும்மா போனையே பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு நாலு கோழியாச்சும் வளக்கலாம்ல?" என்றார் ஆயா. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தபோது அவர் கோழி வளர்த்தவர். அப்பாவும் நானும் பழைய பலகை, தகரம், கம்பி வலை எல்லாம் தேடிப்பிடித்து ஒரு கூண்டு கட்டினோம். ஏழு பெட்டைகள் வந்தன. ஐந்தாறு மாதத்தில் முட்டையிட ஆரம்பித்தன. நானும் அம்மாவும் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். "யாரையும் கொல்லாம கிடைக்கிற முட்டை" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2023 தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் ஆட ஆரம்பித்தது. மழையில் பலகை உளுத்து, திருகாணி பிடிக்கவில்லை. ஒரு ராபியா கயிற்றை எடுத்துச் சுற்றிக் கட்டினேன். "இந்த வாரம் சரி பண்ணிடுறேன் ஆயா" என்றேன். அந்த வாரம் போனது. அடுத்த வாரமும் போனது. காலையும் மாலையும் சாமி கும்பிட்டேன், தரையில் படுத்தேன், பச்சைத் தண்ணீரில் குளித்தேன். தாழ்ப்பாளுக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் ஆயா கூப்பிட்ட குரலே சரியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கயிறு அவிழ்ந்து கதவு திறந்து கிடந்தது. மூசாங் வந்து போயிருக்கிறது. நாலு கோழி செத்துக் கிடந்தன. அதில் ஒன்றைத்தான் அது தின்றிருந்தது. மற்ற மூன்றையும் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. உயிர் தப்பிய மூன்றும் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"இந்த மூசாங்கைப் புடிச்சு..." என்று நான் பல்லைக் கடித்தேன்.

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மூசாங் மேல என்னா கோவம்? அதுக்குப் பசிச்சுச்சு, வந்துச்சு. கூண்டுக்குள்ள போட்டு அடைச்சது மூசாங்கா? நீதானேடா அடைச்ச?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துவந்து குழி வெட்டச் சொன்னார்.

வெட்டும்போது எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. நான் கொல்லவில்லை. கொல்ல நினைக்கவும் இல்லை. அப்படியென்றால் இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டா?

மனுநீதிச் சோழன் கதை உங்களுக்குத் தெரியும். பெரியபுராணத்தில் வருகிறது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு பசுங்கன்று விழுந்து இறந்தது. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லை. அமைச்சர்களும் அதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். மன்னன் ஏற்கவில்லை. அவன் மகனுக்குக் கொடுத்த தண்டனை சரியா என்பது வேறு விவாதம். நான் அதில் பார்ப்பது ஒன்றைத்தான்: "வேணும்னு செய்யலையே" என்று சொன்னவுடன் கணக்கு முடிந்துவிடாது. இளவரசனாவது கன்றைக் கவனிக்கவில்லை. நான் தாழ்ப்பாளைத் தினமும் இரண்டு வேளை பார்த்தேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை காட்டுக்கோழி. இன்றும் செம்பனைத் தோட்டங்களில் அதைப் பார்க்கலாம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே அதன் கூவலைக் கேட்டிருக்கிறேன். பொழுது சாய்ந்தால் அது பறந்து போய் மரக்கிளையில் ஏறித் தூங்கும். அதற்கு யாரும் தாழ்ப்பாள் போட வேண்டாம். வருஷத்துக்குச் சில முட்டைகள்தான் இடும். நம் கூண்டுக் கோழியோ வருஷத்துக்கு 200, 300 முட்டை இடுகிறது. உடம்பு கனத்து, உயரப் பறக்கவும் அதனால் முடியாது. இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடும். மரக்கிளையை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் மனிதர்கள்தான். அதற்கு ஈடாகக் கொடுத்தது ஒரு கதவு. அந்தக் கதவும் சரியில்லை என்றால் அதற்கு வேறு என்ன இருக்கிறது?

காட்டில் மூசாங் ஒரு காட்டுக்கோழியைப் பிடித்தால் அதில் எனக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் தப்பி ஓட வழியில்லாமல் நானே அடைத்து வைத்த உயிரின் பாதுகாப்பு அன்று முதல் என் கடன். பூட்டுப் போடும் உரிமையை எடுத்துக்கொள்ளும்போது காவல் காக்கும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. "நான் கொல்லமாட்டேன்" என்பது அகிம்சையில் பாதிதான். அதைச் சொல்லச் செலவில்லை, உடம்பும் நோகாது. மீதிப் பாதிக்குச் சுத்தியல் வேண்டும், ஆணி வேண்டும், மழையில் வெளியே போகும் மனம் வேண்டும்.

மிச்சமிருந்த மூன்று கோழிக்காக நானும் அப்பாவும் கூண்டைப் புதுப்பித்தோம். பழைய அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், ஆனால் மூசாங்கை நிறுத்தாது. அதனால் அரை அங்குலச் சதுரக் கண் உள்ள கெட்டியான கம்பி வலை அடித்தோம். பறித்துக்கொண்டு உள்ளே வராமலிருக்க வலையை ஓர் அடி ஆழம் மண்ணில் புதைத்தோம். கதவுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள். உட்கார்ந்து தூங்க உயரத்தில் ஒரு கட்டை. காற்றோட்டத்துக்குக் கூரையடியில் இடைவெளி விட்டு, அதற்கும் வலை போட்டோம். கோழிக்கு வியர்க்காது. நம் ஊர் வெயிலில் வாயைத் திறந்து இளைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கும். தரையில் மரத்தூள் போட்டு, ஈரமானதை உடனுக்குடன் அள்ளினோம். ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி அதன் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். நமக்கே மூக்கில் ஏறுகிறது என்றால், அதிலேயே இரவெல்லாம் கிடக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்?

சங்கத்து நண்பன் ஒருவன் கேட்டான்: "ஊரே கோழிக்கறி சாப்பிடுது. நாலு கோழிக்கு இவ்வளவு ஃபீலிங்கா?" நியாயமான கேள்விதான். சாப்பிடுவது சரியா தவறா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. என் அப்பாவே சாப்பிடுகிறவர். ஆனால் கறிக்காக வளர்க்கிறவனும், உயிரோடு இருக்கும் வரை அதைத் தவிக்கவிடக் கூடாது. இதில் சைவம் அசைவம் இல்லை. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், வளர்ப்பவர் அதன் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சட்டம் நம் வீட்டுக் கொல்லைக்கு வருவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். மனசாட்சிதான் முன்னாலேயே வர வேண்டும்.

என் பழைய பெருமையும் அதோடு போனது. முட்டைக்கோழிக் குஞ்சு வாங்கும்போது, அதனுடன் பொரித்த சேவல் குஞ்சுகளைப் பெரும்பாலான பொரிப்பகங்கள் முதல் நாளே அழித்துவிடுகின்றன என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "யாரையும் கொல்லாத முட்டை" என்று நான் சொன்னது முழு உண்மை இல்லை. கோழி இரண்டு மூன்று வருஷத்தில் முட்டையைக் குறைத்துவிடும். ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருக்கும். அப்போது என்ன செய்வது? வாங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நாங்கள் பேசவில்லை. இப்போது பேசியிருக்கிறோம்: இருக்கிற மூன்றையும் கடைசிவரை வைத்துக்கொள்வது, புதிதாக வாங்குவதில்லை. எல்லாருக்கும் இதுதான் வழி என்று சொல்லமாட்டேன். பேசாமல் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அண்டை வீட்டாரிடமும், ஊராட்சி மன்ற விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் கூண்டின் நாற்றத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சுமக்கக் கூடாது.

அந்த வருஷம் பால்குடம் எடுத்தேனா என்று கேட்காதீர்கள். எடுத்தேன். சேவற்கொடிக்குக் கீழே நின்றபோது தலை நிமிரவில்லை, அவ்வளவுதான்.

உங்களில் பலர் தாமானிலும் அடுக்குமாடி வீட்டிலும் இருப்பீர்கள், கோழி இருக்காது. மீன்தொட்டி இருக்கலாம், கூண்டில் ஒரு கிளி இருக்கலாம், கேட்டருகே சங்கிலியில் ஒரு நாய் இருக்கலாம். அவற்றின் தண்ணீர், நிழல், கதவு எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கின்றன. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எதையாவது கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்களா?

எங்கள் வீட்டில் ஏழரை மணிக்கு இருட்டும். இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது. நான் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்களும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.