பாட்டுக்கு உரியவர் யார்?

இசைக்கு மொழியில்லை, நாடில்லை, எல்லையில்லை என்று மேடைதோறும் கேட்டு வருகிறோம். கேட்பதற்கு இனிய கூற்று, பெரும்பாலும் உண்மையுங்கூட. ஆயினும், இசைக்கு எல்லையில்லை என்பதனாலேயே பாடியவருக்குப் பெயரில்லை என்றாகிவிடுமோ? பழைய நாட்டுப்பாடலையும் புதிய மின்னிசைக் கருவிகளையும் இணைத்து, 'உலக இசை' என்னும் பெயரில் வெளிவரும் இசைத்தட்டுகளைக் கேட்கும்போது நம் உள்ளத்தில் எழும் வினா இதுவே.

'உலக இசை' என்னும் பெயர் பரவிய வரலாறு சுவையானது. 1987-ஆம் ஆண்டில் இலண்டனில் சில சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் கூடினர். ஆப்பிரிக்கத் தட்டையும் ஆசியத் தட்டையும் எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர்கள் திகைத்தமையால், அவற்றுக்கெல்லாம் பொதுவாக இத்தலைப்பைத் தேர்ந்தனர். பெயர் வணிகத்தின் பொருட்டுப் பிறந்தது. பெயர் சுட்டும் கலப்போ மிகப் பழையது.

கலத்தல் குற்றமன்று. அதனை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை நம்மால் நினைக்கவும் இயலுவதில்லை. அக்கருவி மேல்நாட்டிலிருந்து வந்தது; முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோரால் நம் இசைக்கு ஏற்றதாயிற்று. முத்துசுவாமி தீட்சிதரும் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவற்றை 'நோட்டுஸ்வர சாகித்தியம்' என்கிறோம். அப்பெயரே அவை வந்த வழியை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. இளங்கோவடிகளும் ஆயர் பாட்டையும் குன்றவர் பாட்டையும் தம் காப்பியத்துள் எடுத்தாண்டார். 'ஆய்ச்சியர் குரவை', 'குன்றக் குரவை' என்றே அக்காதைகளுக்குப் பெயரும் இட்டார். கொண்டார், கொண்ட இடத்தையும் சொன்னார்.

இனி, மறுபுறம் நோக்குவோம். பசிபிக் பெருங்கடலில் சாலமன் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய மலைத்தாவில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அஃபுனாக்வா என்னும் பெண்மணி ஒரு தாலாட்டைப் பாடினார். தந்தையை இழந்து அழும் தம்பியைத் தேற்றும் பாட்டு அது. ஊகோ செம்ப் என்னும் இசையாய்வாளர் அதனை ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவு யுனெஸ்கோவின் இசைத்தொகுப்பில் வெளியாயிற்று. 1992-இல் பிரெஞ்சுக் கலைஞர் இருவர் 'டீப் ஃபாரஸ்ட்' என்னும் தங்கள் இசைத்தட்டில் அக்குரலை எடுத்து, மின்னிசைத் தாளத்தோடு இணைத்தனர். தட்டு உலகெங்கும் விற்றது. அது நடு ஆப்பிரிக்கக் காடுகளின் பிக்மி மக்களை முன்னிறுத்திய தட்டாதலின், கேட்டவர் பலர் இத்தாலாட்டும் அவர்களுடையதே என்று எண்ணினர். நார்வே நாட்டுச் சாக்சபோன் கலைஞர் யான் கார்பரெக் 1996-இல் அதே மெட்டை வாசித்து, 'பிக்மி தாலாட்டு' என்றே பெயரும் சூட்டினார். பசிபிக் தீவுப் பெண்ணின் பாட்டு ஆப்பிரிக்கக் காட்டுக்குக் குடிபெயர்க்கப்பட்டது. அவர் பெயர் போயிற்று, ஊர் போயிற்று, தம்பியைத் தேற்றிய சொற்களின் பொருளும் போயிற்று. எஞ்சியது இனிமை மட்டுமே. பதிவு செய்த ஆய்வாளரே பின்னர்த் தம் கண்டனத்தை எழுத்தில் வெளியிட நேர்ந்தது.

தைவான் தீவின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த முதியவர் தீஃபாங் வரலாறும் இத்தகையதே. அவரும் அவர்தம் துணைவியாரும் பாடிய பாட்டு 1988-இல் ஐரோப்பியப் பயணத்தின்போது பதிவாயிற்று. 'எனிக்மா' என்னும் இசைக்குழு அதனைத் தன் புகழ்பெற்ற பாடல் ஒன்றுக்கு அடித்தளமாக்கிற்று. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளை விளம்பரப்படுத்தவும் அப்பாடல் பயன்பட்டது. பாடியவர் பெயரோ தட்டில் இல்லை. 1998-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. முதியவருக்கு வழக்குமன்றம் கிடைத்தது. அஃபுனாக்வா போன்றோர் எத்தனை பேருக்கு அது கிட்டும்?

இதற்கு மறுப்புரைப்போர் உளர். "நாட்டுப்பாடலை ஒருவர் இயற்றவில்லை, அது ஊர்ச்சொத்து. ஆகவே யாரும் எடுக்கலாம்" என்பர். ஊர்க்குளமும் பொதுவே. ஆயினும் அயலூரான் வந்து வண்டி வண்டியாக நீரை அள்ளி விற்றால் ஊரார் வாளாவிருப்பரோ? பொது என்பது வேறு, உரியவர் இல்லாதது என்பது வேறு. "அவர்கள் எடுத்திராவிட்டால் அப்பாட்டை உலகம் அறிந்திருக்குமா?" என்றும் கேட்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. நாமும் அத்தட்டின் வழியாகவே அப்பெண்ணின் குரலைக் கேட்டோம். ஆனால் உலகம் அறிந்தது குரலைத்தானே ஒழிய, குரலுக்கு உரியவரை அன்று. ஒருவர் பெயரை மறைத்துவிட்டு அவருக்குப் புகழ் தந்தோம் என்பது பொருந்தாக் கூற்று.

கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர்களாகிய நமக்கு ஒரு நடைமுறை தெரியும். கோப்பு மேசைக்கு மேசை நகரும்; ஒவ்வொருவரும் தம் குறிப்பை எழுதிச் சேர்ப்பர்; இறுதியில் அது தடித்து, முதலில் இருந்த உருவமே மாறிவிடும். எனினும் முதற்கடிதத்தை எழுதியவர் பெயரை எவரும் கிழித்தெறிவதில்லை. கலைக்கும் இந்நேர்மை வேண்டும்.

அந்நேர்மையோடு நடந்த கலப்புக்கும் சான்று உண்டு. ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் நம் இசையைக் கையாளுமுன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராய் அமர்ந்து வீணை பயின்றார். கமகம் பேச வேண்டும் என்பதற்காகத் தம் கிதாரின் விரற்பலகையைக் குடைவித்தார். 1976-இல் வெளிவந்த 'சக்தி' இசைத்தட்டில் எல். சங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபலாவும், விக்கு விநாயக்ராமின் கடமும் முகமற்ற பின்னணியாக ஒலிக்கவில்லை. பெயரோடும் பெருமையோடும் ஒலித்தன. அவ்விசையை விரும்பாதவர் இருக்கலாம். கச்சேரி மரபில் ஊறியவர் முகஞ்சுளிக்கலாம். அது சுவை பற்றிய வழக்கு. அறம் பற்றிய வழக்கு அங்கே எழுவதற்கில்லை.

ஆகவே, நாம் கேட்க வேண்டியது "இது தூயதா, கலப்பா?" என்பதன்று. "உரியவரைக் கேட்டுப் பெற்றீரா? பெயரைச் சொன்னீரா? பயனைப் பகிர்ந்தீரா?" என்பனவே கேட்கத் தக்கவை.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல. நம் இல்லங்களில் இந்திச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே தட்டில் பரிமாறப்படுகின்றன. நம் பிள்ளைகள் பாட்டியின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்து, அதற்குப் புதிய தாளம் சேர்த்து மகிழ்கின்றனர். அதனைத் தடுக்க வேண்டா. தடுத்தால் தாளத்தோடு தாலாட்டும் போய்விடும். ஆனால் அப்பாட்டைப் பாடியவர் பெயர் என்ன, அவர் ஊர் எது, யாருக்காகப் பாடினார் என்பதை அவர்கள் கேட்டறிந்து எழுதி வைக்குமாறு செய்வோம். பாட்டி உயிரோடிருக்கும்போதே கேட்டால்தான் அவற்றுக்கு விடை கிடைக்கும்.