வெறுமையும் சுவரும்

வெறுமை என்பது இழப்பா, இடமா? இக்கேள்வியை நாம் பெரும்பாலும் ஞானிகளிடமும் கவிஞர்களிடமுமே கேட்டு வந்திருக்கிறோம். இரசாயனவியலாளரிடமும் கேட்டுப் பார்க்கலாம். அவர்களது விடை, நாம் வழமையாகச் சொல்லிவரும் சில ஆறுதல் மொழிகளைச் சங்கடத்துக்குள்ளாக்கக் கூடியது.

1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் அக்செல் குரோன்ஸ்டெட் ஒருவகைக் கல்லைச் சூடாக்கியபோது அது கொதிப்பது போல நுரைத்தது. கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும்படி அவர் அதற்கு ஸியோலைட் என்று பெயரிட்டார். கல்லுக்குள் நீர் இருந்தது. நீர் தங்குவதற்கு இடமும் இருந்தது. சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றால் பின்னப்பட்ட இப்பளிங்குகளுக்குள் சிறு மூலக்கூறுகள் மட்டுமே நுழையக்கூடிய ஒழுங்கைகள் ஓடுகின்றன. பெற்றோலிய சுத்திகரிப்பில் பயன்படும் இஸட்.எஸ்.எம்-5 என்ற வகையில் அவற்றின் அகலம் ஏறத்தாழ 0.55 நனோமீற்றர்.

ஒழுங்கை ஒடுக்கமானதால் தொல்லையும் உண்டு. உள்ளே போன மூலக்கூறு வெளியே வரத் தாமதிக்கிறது. தாமதித்தவை கரியாகப் படிந்து வழியை அடைக்கின்றன. பளிங்கின் நடுப்பகுதியைக் கரைத்தெடுத்துவிட்டால் மூலக்கூறு கடக்கவேண்டிய தூரம் குறையும். அதற்குச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். காரம் சிலிக்கனைக் கழற்றுகிறது. அலுமினியமோ தன் அயலிலுள்ள சிலிக்கனைக் கழலவிடாமல் காக்கிறது.

இங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. எங்கும் அலுமினியம் மிகுந்த பளிங்கில் காரம் அதிகம் ஒன்றும் செய்வதில்லை. அலுமினியம் மிக அரிதான பளிங்கு கட்டுப்பாடின்றிக் கரைந்துபோகிறது. வெளிவிளிம்பில் அலுமினியம் செறிந்தும் உள்ளே குறைந்தும் இருக்கும் பளிங்கில் மட்டும் நடு கரைந்து, ஓடு நிலைத்து, உள்ளே ஒரு கூடம் பிறக்கிறது. நெதர்லாந்தின் டெல்ப்ட் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005இல் இதைச் செய்து காட்டினர்.

காரம் ஒன்றுதான். விளைவோ மூன்று. அப்படியாயின் கூடத்தை உண்டாக்கியது காரம் மட்டுமா?

"இழப்பு மனிதனைப் பக்குவப்படுத்தும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பக்குவப்பட்டவர்களைக் காட்டியே அதை நிறுவவும் செய்கிறோம். கரைந்துபோனவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. வகுப்பறையில் ஒரே கண்டிப்பை இரு மாணவர் பெறுகின்றனர். வீட்டில் தன்னை விசாரிக்க ஒருவரேனும் உள்ள பிள்ளை தன் வீம்பை விட்டுக் கற்க இடம் கொடுக்கிறது. விசாரிக்க எவருமற்ற பிள்ளை மறுநாள் பாடசாலைக்கே வருவதில்லை. முதற் பிள்ளையை வைத்துக் கண்டிப்பின் மகிமையைப் பேசுவது பாதி உண்மையே. பணிவைப் பற்றிய உபதேசமும் இத்தகையதே. காணியும் சம்பளமும் பெயரும் உள்ளவன் "நான்" என்பதைக் கழற்றி வைத்தால் அவனுக்குள் பிறருக்கு இடமுண்டாகிறது. எதுவுமற்றவனிடம் அதையே கேட்டால், அவனிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் பறித்தவர்களாகிறோம்.

பளிங்குக்கு வலியில்லை, அதன் சம்மதத்தை எவரும் கேட்பதுமில்லை. மனிதருக்கு இவ்வுவமை எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வலியற்ற பொருளிலேயே இத்தனை கவனம் தேவையென்றால், வலியுள்ளவரிடத்தில் நமது கவனம் குறைவாக இருப்பதற்கு என்ன நியாயம்?

புதியதொரு பளிங்கினம் மற்றொரு வழியையும் காட்டுகிறது. உலோக-சேதனச் சட்டகங்கள் எனப்படும் இவற்றுக்காக சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ரொப்சன், ஓமர் யாகி ஆகிய மூவர் 2025ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசைப் பெற்றனர். இவற்றுட் சிலவற்றைக் குடைவதற்குத் தனிக்கமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்களின் இனத்தைச் சேர்ந்தது அது. அதன் பெரிய மூலக்கூறுகள் துளைகளுக்குள் நுழைய முடியாமல் வெளிப்புறத்திலேயே படிந்து சுவரைக் காக்கின்றன; அது விடுவிக்கும் ஐதரசன் அயன்கள் உள்ளே சென்று நடுவைக் கரைக்கின்றன. கரைப்பதும் காப்பதும் ஒரே பொருள்.

கண்டிக்கும் ஆசிரியரும், தியாகம் கேட்கும் தலைவரும், பொறுமையைப் போதிக்கும் பெரியவரும் இந்த இரண்டாவது வேலைக்கும் பொறுப்பானவர்கள். ஒருவரிடமிருந்து எதையேனும் கழற்றுமுன், அவரைத் தாங்கி நிற்பது எது என்று விசாரித்தறிய வேண்டும். தாங்க எதுவுமில்லை என்று கண்டால், முதலில் நாமே அவருக்குச் சுவராக நிற்க வேண்டும். அதற்கு ஆயத்தமில்லையென்றால், வெறுமையின் சிறப்பை அவரிடம் பேசாதிருப்பதே நேர்மை.