கடைசி ஆளுக்கும் முழுப்பேர்

தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதியில் காணாத ஒரு பொருள் உண்டு. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, தராசில் நிறுக்கும்போது தோட்டம் கேட்கிற கிலோ வந்துவிட்டால் அது ஒரு பேர். குறைந்துபோனால் அரைப்பேர். ஆள் முழுசாகத்தான் மலையில் நின்றிருப்பார். கணக்கில் பாதி ஆளாகிவிடுவார். மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, கம்மடுவ, ரத்தோட்டைப் பக்கத்து மலைகளில் மனித உடம்பின் வேகத்தைத் தலைமுறை தலைமுறையாக அளந்துவந்த கணக்கு இது. அதே மலைகளின் அடிவாரத்தில் சித்திரை பிறந்ததும் ஊருக்கு ஊர் மரதன் ஓட்டம் வைக்கிறார்கள். முதலாவதாக வருபவருக்கு ஒரு சைக்கிளோ ரைஸ் குக்கரோ கிடைக்கும். அவர் வியர்வை காய்ந்து வீட்டுக்குப் போன பிறகு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற கடைசி ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் அவருக்கு யாரும் அரைப்பேர் போடுவதில்லை. ஓடினாரா என்றால், ஓடினார், அவ்வளவுதான். உள்ளூர் ஓட்டப் போட்டிகளுக்குக் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் போய்ச் சந்தோஷப்படுவதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இந்த வித்தியாசத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மரதன் என்று அறிவித்தாலும் 42.195 கிலோமீற்றரை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இலங்கையில் வீதியில் ஓடுகிற எந்த ஓட்டமும் மரதன்தான். சந்தியிலிருந்து பாலம்வரை போய்த் திரும்பினாலும் அதற்கு அதுதான் பெயர். இந்தச் சொற்பிழை எனக்குப் பிடிக்கும். வெயில் ஏறுமுன் மரதன், அடுத்து சைக்கிள் ஓட்டம், பிறகு மைதானத்தில் சாக்கோட்டம், கயிறு இழுத்தல், யானைக்குக் கண் வைத்தல், முட்டி உடைத்தல், வழுக்கு மரம் என்று பொழுது இறங்கும்வரை போகும். இவற்றில் நான் முதலிடம் கொடுப்பது தேசிக்காய் ஓட்டத்துக்குத்தான். கரண்டிப் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூக்குக்குக் கீழே ஆடுகிற தேசிக்காயை மாறுகண்ணால் பார்த்தபடி ஒரு பெரியவர் வருவார். எட்டி வைத்தால் காய் விழும். தயங்கினால் பக்கத்து ஆள் முந்துவார். எல்லைக் கயிற்றுக்கு வெளியே அவருக்குச் சரிசமமாக ஓடிவரும் பேரப்பிள்ளை 'மெதுவா தாத்தா, மெதுவா வாங்க' என்று கத்தும். போட்டியில் ஓடுகிற ஒருவரை அவருடைய சொந்தக்காரர்களே மெதுவாகப் போகச் சொல்வது உலகத்தில் வேறு எந்த மைதானத்திலாவது நடக்குமா தெரியவில்லை. பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் இப்படி ஒரு கட்டம் வரும். பிள்ளைகளின் அஞ்சலோட்டமெல்லாம் முடிந்து பெற்றோருக்கான ஓட்டத்தை அறிவிப்பார்கள். சேலையைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டில் வந்து நிற்கும் தாய்மாரைப் பார்த்து அதிகமாகக் கத்துவது அவரவர் பிள்ளைகள்தான். அந்த ஐம்பது மீற்றருக்கு வீட்டின் ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது.

இந்த ஓட்டங்கள் நடக்கும் வீதிகளுக்கு ஒரு கதை இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரத்தில் விழுந்தவர்கள் ஏராளம். நடக்க முடியாமல் பின்தங்கியவர்களை விட்டுவிட்டே கூட்டம் முன்னே போக நேர்ந்ததும் அந்த வரலாற்றில் உண்டு. இன்று கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏறத்தாழ அந்தத் தடத்தில்தான் கிடக்கிறது. சிங்களக் கிராமத்தவர்களுக்கும் இந்த வீதிகள் இனிப்பானவையாக இருந்ததில்லை. 1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்து வீதிச் சட்டம், 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலையில் கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் முன்னின்ற மாத்தளைக் கிளர்ச்சிக்கான காரணங்களில் இந்தச் சட்டமும் ஒன்று. ஆக, இந்த மாவட்டத்தில் ஒருவருடைய பாட்டன் வீதியில் கல் உடைத்திருப்பார், இன்னொருவருடைய பாட்டன் அதே வீதியில் மூட்டையோடு நடந்திருப்பார். இரண்டு பேருக்கும் வீதி என்றால் வேலை. பேரன்மார் ஒரு லீவு நாளில் அதன்மேல் ஒரு பிரயோசனமும் இல்லாமல் ஓடுகிறார்கள். அந்தப் பிரயோசனமின்மையைத்தான் நான் மதிக்கிறேன். எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. புறப்பட்ட சந்திக்கே திரும்பி வருகிறார்கள்.

ஆரோக்கியத்துக்கு நல்லது என்று சொல்லி இதை நியாயப்படுத்துவது சுலபம். ஆனால் அது வலுவில்லாத வாதம். வளர்ந்தவர்களுக்குக் கிழமையில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருஷத்தில் ஒரு நாள் ஐந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு மறுநாள் எண்ணெய் தடவிக் காலைப் பிடித்துவிடுவது எந்த நோய்க்கும் மருந்தாகாது. ஓட்டத்தின் பயன் உடம்பில் சேர்வதைவிட ஊரில்தான் அதிகம் சேர்கிறது என்பது என் கட்சி. மெக்சிகோவின் சிவாவா மலைகளில் வாழும் ராராமுரி மக்களை இதற்குச் சாட்சிக்கு அழைக்கலாம். நெடுந்தூரம் ஓடுவதில் உலகப் புகழ் பெற்றவர்கள் அவர்கள். ஆண்கள் மரப்பந்தை உதைத்துக்கொண்டும் பெண்கள் வளையத்தைக் கோலால் எறிந்துகொண்டும் மணிக்கணக்கில் அணியாக ஓடுகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கொஞ்ச தூரம் கூட ஓடி உற்சாகமூட்டிவிட்டு விலகுகிறார்கள். 2020இல் டேனியல் லீபர்மனும் சகாக்களும் எழுதிய ஆய்வு, இவர்களைப் பிறவி ஓட்ட வீரர்களாகப் பார்க்கும் வெளியாரின் கற்பனையை மறுத்தது. அவர்களுக்கு ஓட்டம் சமூக உறவும் வழிபாடும் சேர்ந்த விஷயம் என்று அது விளக்கியது. இலண்டனின் புஷி பூங்காவில் 2004 ஒக்டோபரில் 13 பேரோடு தொடங்கி, இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் இலவசமாக நடக்கும் 'பார்க்ரன்' ஓட்டத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தொண்டர்களில் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவதையே வேலையாக வைத்துக்கொள்கிறார். ஆகவே அங்கே ஓட வந்த யாரும் கடைசியாக வருவதில்லை. கடைசி இடம் எப்போதும் தொண்டருக்கு. இவ்வளவு எளிமையான யோசனையை நம்முடைய விளையாட்டுக் கழகங்கள் எடுத்துக்கொண்டால் ஒரு சதமும் செலவாகாது.

உழைத்து ஓய்ந்த உடம்புக்கு ஓட்டம் எதற்கு என்ற கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. நாள் முழுக்கச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கியவரிடம் லீவிலும் ஓடச் சொல்வது, ஓய்வு நிறைய உள்ளவர்களின் பொழுதுபோக்கை அவர் தலையில் கட்டுவதாகாதா? ஆகும், ஓட்டத்தை உடற்பயிற்சியாக விற்றால். நகரத்துக்காரர் காசு கட்டிச் சட்டையும் பதக்கமும் வாங்கி ஓடுகிற ஓட்டத்தைத் தோட்டத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் அது பொருந்தாது. ஆனால் களைப்பை எல்லாம் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. தராசு காத்திருக்கும் களைப்பு வேறு, தானாகத் தேடிக்கொண்ட களைப்பு வேறு. லயத்துப் பிள்ளைகள் மாலையில் பந்துக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்த யாருக்கும் இது விளங்கும். பள்ளிக்கூடத்துக்கு மலை ஏறி இறங்கிய அதே கால்கள்தானே அவை? குமார் சண்முகேஸ்வரன், வேலு கிருஷாந்தினி போன்ற மலையகத்தவர்கள் நெடுந்தூர ஓட்டத்தில் நாடறியப் பேர் வாங்கியதை நினைவுபடுத்தி, ஏறி இறங்கிய கால்களின் பலம் இது என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். பெருமை சரி. வறுமையைப் பயிற்சியாகக் காட்டுகிற அந்தப் பேச்சில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் ஓடியது விருப்பத்தோடு; அந்த விருப்பம் பிறப்பதற்கு முதலில் ஒரு மைதானமும் பார்க்க நாலு பேரும் வேண்டும்.

போட்டி என்றாலே மனக்கசப்புத்தானே என்பார்கள். அதிலும் உண்மை இல்லாமலில்லை. பரிசுப் பொருளைக் குறிவைத்துச் சித்திரை மாதம் முழுக்க ஊருக்கு ஊர் போய் ஓடும் கைதேர்ந்த ஓட்டக்காரர்கள் உண்டு. உள்ளூர்ப் பையன்கள் முதல் கிலோமீற்றரிலேயே சோர்ந்துபோவார்கள். வெளியூராருக்கு ஒன்று, உள்ளூராருக்கு ஒன்று என்று பரிசைப் பிரித்தால் இது தீரும். பல கழகங்கள் அப்படிச் செய்வதும் உண்டு. தீர்க்கக் கடினமானது தோற்ற பிள்ளையை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக்கொண்டே வரும் பெற்றோரின் வாய். கடுமையான போட்டி இல்லாவிட்டால் சுசந்திகா ஜயசிங்கவைப் போல ஒருவர் எப்படி வருவார் என்றும் கேட்கலாம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் அவர் பெற்ற வெண்கலம் பின்னால் வெள்ளியானது. அதற்கு முன் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய இலங்கையர் என்றால் 1948இல் இலண்டனில் தடை தாண்டி ஓடிய டங்கன் வைற் ஒருவர்தான். இரண்டு பதக்கங்களுக்கு நடுவே அரை நூற்றாண்டு. அந்த அபூர்வத்தை அளவுகோலாக வைத்து ஊர் ஓட்டத்தை எடைபோட்டால், ஓடுகிற எல்லோருமே அரைப்பேர்தான்.

ஆபத்து பற்றிய ஆட்சேபத்துக்கு மட்டும் நான் முழுதாகத் தலை வணங்குகிறேன். 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். சித்திரை வெயில் மலையடிவாரத்திலேயே கடுமை. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து உலர் வலயத்தில் காலை எட்டு மணிக்கே தார் சுடத் தொடங்கிவிடும். விருந்தினர் வரவேண்டும், மங்கள விளக்கேற்ற வேண்டும், உரை நிகழ்த்த வேண்டும் என்று ஓட்டத்தை ஒன்பது மணிக்குத் தள்ளுவது விளையாட்டல்ல. விடியலில் தொடங்குவது, வழிநெடுகத் தண்ணீர், பின்னால் ஒரு வாகனம், முதலுதவி தெரிந்த ஆள், முன்னரே ஒரு மருத்துவப் பரிசோதனை, 'முடியாவிட்டால் நில்' என்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது: இவை இல்லாத இடத்தில் ஓட்டத்தை ரத்து செய்வதே நல்லது. வீதியோரத்தில் குடும்பத்தார் நிற்பதன் அருமை இங்கேதான் தெரியும். பிள்ளையின் முகம் வழக்கத்துக்கு மாறாக வெளிறியிருப்பதைத் தாய் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பாள்.

ஊர் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன்; யாருடைய ஊர் என்றும் கேட்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழ நாலு இலட்சத்து எண்பத்து நாலாயிரம் பேர். பத்தில் எட்டுப் பேர் சிங்களவர். மீதியை ஏறக்குறையச் சரிபாதியாகத் தமிழரும் முஸ்லிம்களும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு விளையாட்டு விழா என்று பதாகையில் இரண்டு பெயரும் இருக்கும், ஒலிபெருக்கியில் ஒரு மொழிதான் கேட்கும். தோட்டத்துப் பையன் கீழே கிராமத்து ஓட்டத்துக்கு வந்தால் தன் இலக்கத்தைக் கூப்பிட்டார்களா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டியிருக்கும். பெண்கள் விஷயத்திலும் இதே குறைதான். தேங்காய் துருவுவதும் தென்னோலை பின்னுவதும் அவர்களுக்கென்று ஒதுக்கிய போட்டிகள். வீட்டில் செய்ததையே மைதானத்திலும் செய்ய வேண்டும். ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல்தான் என்பதால் நம் ஊர்களை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் நாள் முழுக்க மலை ஏறுகிறவள் ஐந்து கிலோமீற்றர் ஓடமாட்டாள் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் குறைகளைச் சொல்லி ஓட்டத்தை வேண்டாமென்று ஒதுக்குவதைவிட, இரண்டாவது மொழி பேசத் தெரிந்த ஒருவரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது சுலபம். வீதியில் எப்படியும் மூன்று சமூகத்தாரும் நிற்கிறார்கள். தாகத்தோடு வருகிறவர் எந்த வாசலில் தண்ணீர் நீட்டினாலும் வாங்கிக் குடிக்கிறார்.

இன்னொரு சில்லறை விஷயம். எல்லைக் கோட்டில் இரண்டு பேர் இரு பக்கமும் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முதல் ஆளின் நெஞ்சு பட்டதும் அது அறுந்து விழும். பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டுவதில்லை. மூன்று இடங்களையும் குறித்துக்கொண்டதும் மேசையைத் தூக்கிவிடுவார்கள், ஒலிபெருக்கி சங்கீதக் கதிரைக்குப் பேர் கொடுக்கச் சொல்லும். மிச்ச ஓட்டக்காரர்கள் நாற்பது, ஐம்பது பேர் ஒவ்வொருவராக வெறும் கோட்டைத் தாண்டுவார்கள், சிலருக்குக் கோடு எங்கே இருந்ததென்றே தெரியாது. அறுந்த நாடாவை முடிந்து, பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுத்து, கடைசி ஆள் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லலாம். நிற்பார்கள். தூரத்து வளைவில் அந்த ஆளின் தலை தெரிந்ததும், பிள்ளைகள் நாடாவை இழுத்து நேராக்கிக்கொள்வார்கள்.