வழி சொன்னவருக்கும் பங்கு உண்டு

திருச்சி எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பும் இருசக்கர வண்டிகளுக்குப் போக்கிடம் நிறைய. துறையூர் வழியாகப் போனால் பச்சைமலை. முசிறிப் பக்கம் திரும்பினால் தலைமலை. நாமக்கல்லைச் சுற்றிக்கொண்டு போகத் தயங்காதவர்களுக்குக் காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையும். மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம், இரவுக்குள் வீடியோவும் யூடியூபில் ஏறிவிடும். “ப்ரோ, லொகேஷன் போடுங்க” என்று கேட்டவர்கள் அடுத்த ஞாயிறு கிளம்புவார்கள். அவர்களில் ஒருவர் பாறையில் வழுக்கி விழுந்தால், வீடியோ போட்டவருக்கு அதில் பொறுப்பு உண்டா?

இல்லை என்பவர்களின் வாதம் லேசானதல்ல. மலையேறுகிறவர்கள் குழந்தைகள் இல்லை. அவரவர் கால், அவரவர் துணிச்சல். அதோடு, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டிய காலந்தொட்டு மலை என்பது வசதி உள்ளவர்களின் கோடைவாசமாகவே இருந்து வந்தது. பெட்ரோலுக்குப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்பும் ஒரு பட்டறைத் தொழிலாளியின் மகனுக்குப் பச்சைமலையின் மங்களம் அருவியைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் இன்னொரு பையனின் கைப்பேசிதான். மூட்டுவலியால் மலைக்கோட்டைப் படிகளையே ஏற முடியாத பாட்டிகள் வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையை இருந்த இடத்திலிருந்தே கும்பிடுகிறார்கள். இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் ‘ரீல்ஸ் பைத்தியம்’ என்று ஒதுக்குவது மேட்டிமை. இடத்தின் பெயரை மறைத்து வைப்பதுதான் அறம் என்று சிலர் சொல்வதிலும் அந்த மேட்டிமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தான் பார்த்து முடித்த பிறகு கதவைச் சாத்தச் சொல்வது எளிது.

ஆக, காட்டுவதில் குற்றமில்லை. எப்படிக் காட்டுவது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

பரிசு பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்வது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பத்துப்பாட்டில் பத்தாவதாக வரும் மலைபடுகடாம் அந்த வகைதான். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்துக்கு மலைவழி சொல்கிறான். அருவியையும் தினைப்புனத்தையும் அவன் சொல்லாமல் விடவில்லை. ஆனால் கூடவே பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், யானையை விரட்டப் புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் எப்படிப் பாய்ந்து வரும், எந்தப் பாறை வழுக்கும் என்றும் அடுக்கிக்கொண்டே போகிறான். இருட்டிவிட்டால் நடக்காமல் குகையில் தங்கச் சொல்கிறான். பின்னால் வருகிறவர்களில் முதியவரும் பெண்களும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பது அவன் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

இன்றைய மலை வீடியோவில் வெட்டி எறியப்படுவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். மூச்சு வாங்கி உட்கார்ந்தது, வழி தவறி அரை மணி நேரம் அலைந்தது, அட்டை கடித்தது, வனக்காவலர் நிறுத்தி விசாரித்தது எல்லாம் எடிட்டிங்கில் போய்விடும். மிஞ்சுவது பனியும் பாட்டும் உச்சியில் விரித்த கைகளும். எடுத்தவர் பொய் சொல்லவில்லை. காட்டிய ஒவ்வொரு காட்சியும் உண்மைதான். கோத்த விதத்தில் மட்டும் மலை எளிதாகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட எளிதில் மறைந்துபோவது பருவம். மழைக்குப்பின் நவம்பரில் எடுத்த பசுமையை மார்ச்சில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு, அதே சரிவில் புல் காய்ந்து சருகாக நிற்கும் என்பது தெரியாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அந்த விபத்தை எந்த வீடியோவின் தலையிலும் கட்ட முடியாது. ஆனால் மார்ச் மாதத்துப் புல்மலை எப்படிப்பட்ட இடம் என்பதை அது தமிழ்நாட்டுக்கே காட்டிவிட்டது. அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தது. இத்தனைக்குப் பிறகும், எடுத்த மாதத்தையும் அனுமதி உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரியில்கூடப் போடாத வீடியோவை அறியாமை என்று மன்னிக்க முடியாது. அது சோம்பல், சில நேரங்களில் தந்திரம்.

கேமராவே காலை இழுத்துக்கொண்டு போகும் இடங்களும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துப் புல்லாவெளி அருவியில் 2022 ஆகஸ்டில் ஓர் இளைஞர் பாறை விளிம்பில் படத்துக்கு நின்றபோது வழுக்கி விழுந்தார். நண்பரின் கைப்பேசி அதைப் பதிவு செய்துகொண்டிருந்தது. எடுக்க ஆள் இல்லையென்றால் அந்த விளிம்பில் அந்தக் கடைசி இரண்டு அடியை வைத்திருப்பாரா? ‘இன்னும் கொஞ்சம் தள்ளி நில்’ என்று எவரும் சொல்லாவிட்டாலும், நீட்டிப் பிடித்த கைப்பேசி அதைச் சொல்லிவிடுகிறது.

தலைமலையின் கதை வேறு. உச்சியிலுள்ள சஞ்சீவிராயப் பெருமாள் கோயிலின் வெளிச்சுவரை ஒட்டி, பாதம் முழுதாகப் பதியாத விளிம்பில், வேண்டுதலுக்காகச் சுற்றி வருவது யூடியூப் பிறப்பதற்கு முந்தைய வழக்கம். 2017 ஜூலையில் அப்படிச் சுற்றிய ஒருவர் பிடி நழுவிப் பள்ளத்தில் விழுந்து இறந்தார். யாரோ எடுத்துக்கொண்டிருந்த அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது, தொலைக்காட்சியிலும் வந்தது. அது பரவியதால்தானே அந்த ஆபத்து வெளியுலகுக்குத் தெரிந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சாட்சியாகப் பயன்பட அந்தப் பதிவு காவல்துறைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் போனால் போதும். ஆபத்தை மக்களுக்கு உணர்த்த அந்த விளிம்பின் படம் ஒன்றே போதும். விழும் மனிதரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர்களால் எந்த உயிரும் பிழைக்கவில்லை. இறந்தவருக்கு வீடும் உறவும் உண்டு. அவர்கள் கையிலும் கைப்பேசி உண்டு.

மலையில் குடியிருப்பவர்களை வீடியோக்காரர்கள் நினைப்பது அரிது. பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் மலையாளிப் பழங்குடியினர் மரவள்ளியும் சாமையும் விளைவித்து வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் கேமராவோடு நுழைந்து, அடுப்படியையும் பிள்ளைகள் முகத்தையும் எடுத்துக்கொண்டு, ‘வெள்ளந்தி மக்கள்’ என்று தலைப்பும் வைப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எடமலைப்பட்டி புதூரில் ஒரு தெருவுக்குள் புகுந்து இப்படி எடுத்துப் பார்க்கட்டும். இரண்டாவது வீட்டைத் தாண்ட விடமாட்டார்கள். கீழே கேட்க வேண்டிய அனுமதியை மேலே கேட்க வேண்டாம் என்று நினைப்பதற்கு மரியாதைக்குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இந்தச் சிக்கல் இங்கு மட்டும் இல்லை. ஐஸ்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கு 2015இல் பாடகர் ஜஸ்டின் பீபரின் பாடல் வீடியோவில் வந்தது. பிறகு குவிந்த கூட்டம் மிதித்துப் பாசிப்படுகையே சிதைந்ததால் 2019இல் அதைப் பல மாதங்கள் மூடி வைக்க வேண்டியிருந்தது. அங்கே பாடியவரைச் சட்டம் எதுவும் செய்ய முடியாது. இங்கும் லொகேஷன் போட்டவரைத் தண்டிக்கச் சட்டம் தேடுவதில் பொருளில்லை. அடி எடுத்து வைத்தவருக்கே பொறுப்பில் பெரும்பங்கு. அபாயமான இடத்தில் பலகைகூட வைக்காதிருந்தால் நிர்வாகத்துக்கும் ஒரு பங்கு. மீதியில் ஒரு பங்கு வழி சொன்னவருடையது. சிறியதுதான் என்றாலும், பார்வைகளும் விளம்பரப் பணமும் வரும்போது ‘என் வீடியோ’ என்று சொல்பவர், விபத்துச் செய்தி வரும்போது மட்டும் ‘நான் போகச் சொன்னேனா’ என்று கேட்க முடியாது.

அந்தப் பொறுப்பு பதிவேற்றிய நாளோடு முடிவதும் இல்லை. பாதைகள் மூடப்படுகின்றன, விதிகள் மாறுகின்றன, அருவியோரத்துப் பாறை ஒரே மழையில் பெயர்ந்துவிடுகிறது. வீடியோ மட்டும் அன்றைய மலையை இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே மலை வீடியோ வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய பதிவுகளைத் திறந்து பாருங்கள். அனுமதி மாறிய பாதைக்கு ஒரு குறிப்புச் சேருங்கள். தடை விதிக்கப்பட்ட இடத்துக்கு வழி காட்டும் வீடியோ எத்தனை லட்சம் பார்வை வாங்கியிருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.