எழுப்பும் உரிமை

வேலை இல்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவனைத் தட்டி எழுப்பி, 'வேலை ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்கிறோம். இல்லை என்று சொல்லிவிட்டு அவன் திரும்பப் படுக்கிறான். சற்றைக்கெல்லாம் மறுபடி எழுப்புகிறோம். அதே கேள்வி, அதே பதில். ஒரு நாளைக்கு இப்படி 8 கோடியே 64 லட்சம் தடவை. யாரோ ஒரு கொடுங்கோலனைப் பற்றிய உருவகக் கதை போலத் தோன்றலாம். 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 கெர்னல், வீட்டு மேஜைமேல் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரின் ப்ராஸஸரை நடத்திய விதம் இதுதான்: செகண்டுக்கு 1000 முறை. இதில் ஒரு தார்மீகப் பிரச்னை இருப்பதாக எனக்குப் படுகிறது. யந்திரத்துக்கு வலிக்குமா என்பதல்ல பிரச்னை. அந்த அசட்டுத்தனம் வேண்டாம். யந்திரத்தைக் கட்டியவர்கள் மனிதர்கள். மேற்பார்வை என்றால் என்ன, ஓய்வு என்றால் என்ன என்று தாங்கள் அறிந்திருந்ததையே அதற்குள் வைத்தார்கள். பிறகு அதைத் திருத்தவும் செய்தார்கள். திருத்திய விதத்தில்தான் என் சந்தேகம்.

ஒரே யந்திரத்தைப் பல புரோகிராம்களுக்குப் பங்கிட்டுத் தருவது கெர்னலின் வேலை. அதன் நிலைமை விசித்திரமானது. ஒரு புரோகிராமை ஓட விட்ட கணத்திலிருந்து கெர்னல் ஓடவில்லை. ப்ராஸஸர் முழுக்க அந்தப் புரோகிராமின் வசம். ஆட்சி நடக்கிற நேரமெல்லாம் ஆள்பவன் பிரக்ஞையற்றுக் கிடக்கிறான். புரோகிராம் தானாக ஏதும் கேட்டு வந்தால் சரி. வராமல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? எனவே வெளியே ஒரு கடிகாரச் சில்லை வைத்து, குறித்த இடைவெளியில் தன்னை எழுப்பச் சொல்லியிருக்கிறது கெர்னல். இந்த எழுப்பலுக்கு 'டிக்' என்று பெயர். ஒவ்வொரு டிக்கிலும் அது நேரத்தை ஒரு படி நகர்த்துகிறது, ஓடிக்கொண்டிருப்பவன் பெயரில் ஒரு டிக் பற்று எழுதுகிறது, அவன் பங்கு தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிறது, தவணை வந்த சில்லறைக் காரியங்களை முடிக்கிறது, போய்விடுகிறது. யூனிக்ஸ் வளர்ந்த பி.டி.பி.-11 யந்திரத்தில் மின்கம்பியில் வரும் துடிப்பையே டிக்காகப் பயன்படுத்தினார்கள். அமெரிக்க மின்சாரத்துக்கு அது செகண்டுக்கு 60. நம்மூர் மின்சாரமானால் 50. லினக்ஸ் 100-ல் ஆரம்பித்து 1000-க்கு ஏறி, 2005-ல் 250-க்கு இறங்கிற்று. அடிக்கடி எழுந்தால் எழுவதிலேயே பொழுது போகிறது. அபூர்வமாக எழுந்தால் நடந்தது தெரிவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

இந்தத் தடுமாற்றம் ராஜபாளையத்துக்குப் புதிதல்ல. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பமானதிலிருந்து நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் அது. நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் என்று ஒரு யந்திரம். இன்றைய நீளமான ஃப்ரேம் ஒன்றில் 1000-க்கும் மேல் கதிர்கள் இருக்கும். அவற்றில் எங்காவது ஓர் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்தால் யந்திரம் நிற்காது. வந்துகொண்டிருக்கும் பஞ்சு காற்றுக்குழாயில் உறிஞ்சப்பட்டுக் கழிவாகப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே சைடர் என்று ஒரு தொழிலாளி, இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரு பெண், ஃப்ரேம்களின் இடைவழியில் சுற்றிச் சுற்றி வருகிறாள். அறுந்த இடத்தைக் கண்டால் இழை சேர்க்கிறாள். அவள் கடந்து போன மறுகணம் அறுந்த இழை அவள் ஒரு முழுச்சுற்று முடித்து வரும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றைக் குறுக்கினால் பஞ்சு மிச்சமாகும், கால் தேயும். பஞ்சுக்கும் காலுக்கும் நடுவே நிர்வாகம் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. 1000, 100, 250 என்று கெர்னல்காரர்கள் வாதாடியதும் இதே கணக்கைத்தான். ஒரு வித்தியாசம்: ஒன்றுமே அறுந்திராத வரிசை ஓரமாகவும் சைடர் நடந்தாக வேண்டும். அந்த நடை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கணக்கு என்றதும் டிக்கின் இன்னொரு குணம் நினைவுக்கு வருகிறது. மேற்பார்வையாளன் வருகிற கணத்தில் யார் கண்ணில் படுகிறானோ அவன் தலையில் அந்த இடைவெளியின் முழுச் செலவையும் கட்டிவிடுவதுதான் டிக்கின் நீதி. இடைவெளி முழுக்க உழைத்துவிட்டு டிக் வருமுன் ஒதுங்கியவன் செலவே செய்யாதவன். கடைசி நொடியில் வந்து உட்கார்ந்தவன் முழுப் பொழுதையும் தின்றவன். நேர்மையான புரோகிராம்களின் நடுவில் இந்தப் பிழை சராசரியில் சமனாகிவிடும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2007-ல், ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்காரர்களும் இருந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, எந்தச் சிறப்பு அதிகாரமும் இல்லாத ஒரு சாதாரண புரோகிராம் ஒவ்வொரு டிக்குக்கும் சற்று முன் தூங்கப்போய், டிக் கடந்ததும் விழித்து, ப்ராஸஸரின் பெரும்பகுதியைத் தின்றுகொண்டே கணக்கில் சாதுவாக நிற்க முடியும் என்று செய்து காட்டிற்று. இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்த பள்ளிக்கூடம் எதிலும் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. குறித்த நேரத்தில் வரும் கண், அந்த நேரத்துக்கான முகத்தைத்தான் பார்க்கிறது.

டிக்கை ஒழிக்கும் யோசனைக்கு நீதியுணர்வு காரணமில்லை. காரணம் பாட்டரி. மடிக் கம்ப்யூட்டரின் ப்ராஸஸர் சும்மா இருக்கும்போது ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால்தான் மின்சாரம் மிஞ்சும். தூக்கத்திலும் படிகள் உண்டு. ஆழ்படிக்கு இறங்கவும் ஏறவும் நேரம் பிடிக்கும். ஆயிரத்தில் ஒரு செகண்டுக்கு ஒருதரம் எழுப்பப்படுகிறவன் மேற்படியிலேயே புரண்டுகொண்டிருப்பான். தாமஸ் க்ளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் முதலியோர் செய்த மாற்றத்துடன் 2007 ஏப்ரலில் 2.6.21 கெர்னல் வந்தது. ப்ராஸஸருக்கு வேலையில்லையென்றால் டிக்கை நிறுத்திவிடு. அடுத்து எப்போது உண்மையாகவே ஒரு காரியம் இருக்கிறதோ அந்த நேரத்துக்கு மட்டும் கடிகாரத்தை வை. நடுவில் யாராவது வந்தால் — ஒரு விசை அழுத்தப்பட்டால், வலையிலிருந்து ஒரு சேதி வந்தால் — அது தானே எழுப்பும். ராஜபாளையத்து நாய் வாசலில் படுத்திருப்பது இப்படித்தான். உடம்பு தூங்கும், காது தூங்காது. அதே வருஷம் இன்டெல் கம்பெனி பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டது. செகண்டுக்கு எத்தனை முறை எந்தப் புரோகிராம் ப்ராஸஸரை எழுப்புகிறது என்று அது பட்டியல் போட்டது. கெர்னல் மாத்திரமல்ல, வெட்டியாக எழுப்புகிறவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள் என்று அப்போது வெளியாயிற்று.

எழுப்புவதே தவறு என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டுகளில் ஆறு முதல் பதினைந்து வரை எழுப்பும் பாட்டுகள்தாம். ஆனால் அங்கே வீடு வீடாகப் போகிறார்கள். ஒவ்வொருத்தியையும் அவள் குணமறிந்து பேசி எழுப்புகிறார்கள். எழுந்தவள் கூடவே வருகிறாள். போகிற இடத்தில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. 'இருக்கிறாயா?' என்று சரிபார்த்துவிட்டுப் போகிற குரல் அல்ல அது. எழுப்பும் உரிமை அங்கே எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், எழுப்புகிறவள் தானும் தூக்கத்தை விட்டு வந்தவள் என்பதிலிருந்துதான் வருவதாகத் தோன்றுகிறது.

அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு கதை உண்டு. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், ஆண்டாள் கோயிலில் உச்சிபூஜை முடிந்தது தெரிந்த பின்தான் உண்பாராம். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை வழிநெடுக மண்டபங்கள் கட்டினார் என்கிறார்கள். ஒன்றில் எழுந்த ஓசை கேட்டு அடுத்ததில் ஓசை எழுப்ப, அப்படியே எழுபது எழுபத்தைந்து கிலோமீட்டர் கடந்து அரண்மனைக்குச் சேதி போகும். மணி என்று சிலர் சொல்கிறார்கள், நகரா என்று சிலர். கட்டபொம்மனையும் திருச்செந்தூரையும் சேர்த்தும் இதே கதை வழங்குவதால், பக்திக்கு அடையாளமாக எந்த அரசனுக்கும் இதைச் சூட்டிவிடலாம் போலிருக்கிறது. சரித்திரமா கதையா என்ற தகராறு எனக்கு இங்கே முக்கியமில்லை. ஏற்பாட்டைப் பாருங்கள். நாயக்கர் நாழிகைக்கு ஒரு ஆளை அனுப்பி 'பூஜை ஆயிற்றா?' என்று கேட்கவில்லை. அவர் இருந்த இடத்தில் இருக்கிறார். நடந்தது தானாக அவரிடம் வருகிறது. டிக் இல்லாத கெர்னலின் லட்சணம் இதுதான். பக்தர்கள் அரசனின் நியமத்தை மெச்சுகிறார்கள், நாம் வேண்டுமானால் ஏற்பாட்டின் சிக்கனத்தை மெச்சலாம்.

சிக்கனம் யாருக்கு? ஒவ்வொரு மண்டபத்திலும் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உச்சிவெயில், எப்போது வரும் என்று நிச்சயமில்லாத ஓசை. கண் அசந்தால் மதுரையில் அரசன் பட்டினி. நாயக்கர் கேட்காமலிருந்த கேள்வியை இவர்கள் தங்களுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிக் ஒழியவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் காதுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று கதை சொல்லுவதில்லை.

இதை நான் வலிந்து பொருத்துவதாக நினைப்பவர்களுக்கு லினக்ஸின் அடுத்த கட்டத்தைச் சொல்ல வேண்டும். 2013-ல் 3.10 கெர்னல் இன்னொரு படி போயிற்று. சும்மா இருப்பவனுக்கு மட்டுமல்ல, ஒரே வேலையில் மூழ்கியிருப்பவனுக்கும் டிக் எதற்கு? பங்கு கேட்க வேறு ஆளில்லாதபோது அவனை ஏன் இடையில் தொட வேண்டும்? பெரிய விஞ்ஞானக் கணக்குகளுக்கும், மைக்ரோசெகண்டில் பணம் பண்ணும் பங்குச் சந்தைக்காரர்களுக்கும் இந்த அமைதி வேண்டியிருந்தது. தொடப்படாமல் ஓடும் ப்ராஸஸர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆனால் நேரத்தை யாராவது நகர்த்த வேண்டுமே. ஆகவே குறைந்தது ஒரு ப்ராஸஸர், மற்றவர்கள் தொந்தரவில்லாமல் இருப்பதற்காக, டிக்கோடு விழித்திருக்க விதிக்கப்பட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹவுஸ்கீப்பிங் ப்ராஸஸர். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள்! பெயர் வைத்தவர்கள் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். அதனாலேயே அது உண்மையைச் சொல்லிவிடுகிறது. அப்படியும், ஒதுக்கப்பட்ட ப்ராஸஸர்களுக்குச் செகண்டுக்கு ஒரே ஒரு டிக் பாக்கி நின்றது. எப்படியும் தொலைக்க முடியவில்லை. 2018-ல் 4.17-ல் அதையும் நீக்கினார்கள். நீக்கினார்கள் என்றால், அந்த வேலையையும் ஹவுஸ்கீப்பிங்கின் தலையில் வைத்தார்கள்.

டிக்குக்காகவும் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். மண்டபத்திலிருந்து ஓசை வரவில்லையென்றால் அதற்கு இரண்டு அர்த்தம்: பூஜை இன்னும் முடியவில்லை, அல்லது நடுவில் ஒருவன் தூங்கிவிட்டான், செத்தும் போயிருக்கலாம். அரசனால் வேறுபடுத்த முடியாது. சீராக வந்துகொண்டிருந்த துடிப்பு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெர்னலுக்கும் இது தெரியும். ஒரு ப்ராஸஸர் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க, அவ்வப்போது துடிக்கும் ஒரு காவலை அது தனியாக வைத்திருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகன் காரியம் இருந்தால் மட்டும் கூப்பிடட்டும் என்று எந்தத் தாயும் விட்டுவிடுவதில்லை. ஒன்றுமில்லை என்ற பதிலுக்காகவே கேட்கப்படும் கேள்விகள் உண்டு. அவற்றை வெட்டி என்று கழித்துவிட எனக்கு மனமில்லை. சைடரின் வெற்று நடையில்கூட, விளக்கில்லாத மூலையில் ஒரு பேரிங் சூடாகி நாற்றமெடுப்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

ரிங் ஃப்ரேமிலும் இப்போது டிக்கில்லாத காலம் வந்துவிட்டது. ஒவ்வொரு கதிருக்கும் ஓர் உணர்கருவி. இழை அறுந்தால் அந்தக் கதிரருகே சின்னதாக ஒரு விளக்கு எரியும். ஃப்ரேமின் கோடியில் இருக்கும் விளக்கு எந்தப் பகுதி என்று தூரத்திலிருந்தே காட்டும். சைடர் சுற்ற வேண்டியதில்லை. விளக்கு எரியும் இடத்துக்கு நேரே போனால் போதும். 2007-ல் ப்ராஸஸருக்குக் கிடைத்த சலுகை இது. அங்கே மிஞ்சிய நேரம் தூக்கமாயிற்று. அதன் பொருட்டுத்தான் அந்த மாற்றமே செய்யப்பட்டது. இங்கே? இந்தக் கருவியை விற்கிறவர்கள் இதன் பெருமையாகச் சொல்வது, ஒரே ஆள் முன்னைவிட அதிகக் கதிர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது. இழை அறாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் போடலாம் என்று சொல்லி இதை விற்றவர் யாரையும் நான் அறியேன். வெற்று நடைக்குள் ஒளிந்திருந்த ஓய்வு — ஒன்றும் அறாத வரிசையோரம் கை சும்மா இருக்க, மனம் எங்கோ போய்வர, அவள் கடந்த அந்தச் சில நிமிஷங்கள் — கணக்கில் இல்லாததால் இதுவரை பிழைத்திருந்தது. இப்போது அவளுக்குக் கூடுதலாக இரண்டு ஃப்ரேம். எரிகிற விளக்குகளுக்கிடையில் நேர்க்கோட்டு நடை, எட்டு மணி நேரம். அடுத்த ஷிப்டுக்கு வேறொருத்தி வருகிறாள்.