தூக்கம் வராத நோயாளியும் நமது நாவும்

(திருவட்டாறு – ஜுமுஆ உரை)





அல்லாஹு தஆலா நமக்குத் தந்த நிஃமத்துகளில் நாம் அதிகம் நன்றி செலுத்தாத ஒன்று தூக்கம். தூக்கத்தை ஓய்வாக ஆக்கியதாக அல்லாஹ் கூறுகிறான் (78:9). பத்ருப் போருக்கு முந்திய நேரத்தில் ஸஹாபாக்களுக்கு மன அமைதியாக இறங்கியதும் ஒரு சிறு தூக்கம்தான் (8:11). பயம் போனால்தான் தூக்கம் வரும். தூக்கம் வந்தால்தான் மனம் நிலைபெறும். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிற நம் ஊர்க்காரர்களைக் கேளுங்கள், ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் என்ன பாடு என்று சொல்வார்கள். அப்படியானால் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களின் நிலை என்ன?

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. டாக்டர்கள் சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். கரண்டு வயருக்கு மேலுறை இருப்பதுபோல் நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. நோயிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அந்த உறையைத் தாக்கிவிடுகிறது. பார்வை மங்கும், கை கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2020-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இந்த நோயாளிகளுக்குச் சாதாரண காலத்திலேயே தூக்கம் சரியாக இருக்காது. ராத்திரியில் கால் இழுத்துப் பிடிக்கும், சிறுநீருக்காகப் பலமுறை எழும்ப வேண்டிவரும். நோய் கூடும்போது கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் தூக்கத்தைக் கெடுக்கும். மூளையையே தொடுகிற நோய் என்பதால் மனச்சோர்வும் வருகிறது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இவர்களில் பாதிப் பேர் வரை மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அதன்மேல் கொரோனா வந்தது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. பள்ளிவாசல் கதவுகள் அடைக்கப்பட்டன, அந்த வருட ரமளானைத் தராவீஹ் ஜமாஅத் இல்லாமல் கழித்தோம். நமக்கு அது கவலை. இவர்களுக்கு அது வேறு மாதிரி. இந்த நோய்க்கான சில மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைப்பவை. மருந்து எடுத்தால் கொரோனா பயம், நிறுத்தினால் நோய் கூடும் பயம். நரம்பு சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிற பழக்கம் நம் மாவட்டத்தில் நெடுங்காலமாக உண்டு. களியக்காவிளை எல்லையில் பாஸ் இல்லாமல் போக முடியாது என்றானபோது அந்த வழியும் சுருங்கியது. பிசியோதெரபியும் பலருக்கு நின்றுபோனது. பகலும் இரவும் ஒரே அறையில் கிடந்தால் தூக்கம் எப்படி நேரத்துக்கு வரும்?

சகோதரர்களே! ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நாட்களில் ஒரு வாப்பா எனக்குப் போன் செய்தார். “மகளுக்கு இந்த நோய். ராத்திரி தூங்குவதில்லை, காரணமில்லாமல் அழுகிறாள். என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். நான், “ஈமானை உறுதியாக்கச் சொல்லுங்கள், திக்ரை அதிகமாக்கச் சொல்லுங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டேன். திக்ரு செய்யச் சொன்னது தவறல்ல. ஆனால் ‘உன் ஈமானில் குறை’ என்றுதான் அந்தப் பிள்ளை அதைக் கேட்டிருக்கிறது. ஏற்கெனவே தூங்காத பிள்ளை, அதன்பிறகு அந்தக் குற்ற உணர்விலும் தூங்காமல் கிடந்திருக்கிறது. பின்னால் தெரிந்தபோது நான் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

யஃகூப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். மகன் யூசுஃபை எண்ணி எண்ணித் துக்கத்தால் அவர்களின் கண்களே வெளுத்துப்போயின (12:84). பெற்ற பிள்ளைகள் அவர்களைக் குறை சொன்னார்கள். அல்லாஹ் குறை சொல்லவில்லை. தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொன்னதை (12:86) கியாமத் வரை ஓதப்படும் வேதத்தில் பதிவு செய்தான். நபிக்கே துக்கம் உடலைப் பாதித்தது என்றால், ஒரு நோயாளியின் கண்ணீரை நாம் எப்படி ஈமான் குறைவு என்று சொல்வது?

மார்க்கம் நோயாளிக்கு வழியை அகலமாகத்தான் வைத்திருக்கிறது. நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டினார்கள் (புகாரி 1117). ஆரோக்கியமாக இருக்கும்போது செய்துவந்த அமல்களின் கூலி நோயாளிக்கும் எழுதப்படும் என்று நற்செய்தி சொன்னார்கள் (புகாரி 2996). கொள்ளைநோய் காலத்தில் நன்மையை எதிர்பார்த்துப் பொறுமையோடு தன் ஊரிலேயே தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி போன்றது உண்டு என்றும் கூறினார்கள் (புகாரி 3474). நம் நஃப்ஸுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) சொன்னதை நபியவர்கள் உண்மையென ஏற்றார்கள் (புகாரி 1968). எனவே சிகிச்சை எடுப்பதும், நேரத்துக்குத் தூங்குவதும் தவக்குலுக்கு எதிரானதல்ல.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நாவைக் காப்போம். “பார்த்தால் நல்லாத்தானே இருக்க” என்று சொல்லாதீர்கள். இந்த நோயின் அசதி வெளியே தெரியாது. வெயிலும் புழுக்கமும் அதை இன்னும் கூட்டும்.

இரண்டாவது, தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கவும் வேண்டாம், தானாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம்.

மூன்றாவது, உரிமையைப் பெற்றுக்கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டைக்கு அலைய அந்த நோயாளியால் முடியாது. நாகர்கோவில் போய்வர நம் வாலிபர்களால் முடியும்.

நான்காவது, வீட்டில் கவனித்துக்கொள்ளும் உம்மாவையோ மனைவியையோ கணவரையோ மறக்காதீர்கள். நோயாளி விழித்திருக்கும் ராத்திரியில் அவர்களும் விழித்திருக்கிறார்கள். ஒரு பகல் நீங்கள் போய் உட்கார்ந்தால் அவர்கள் கொஞ்சம் கண்ணயர்வார்கள்.

கொரோனா ஊரடங்கு முடிந்துவிட்டது, நாம் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். அந்த ஸஃப்புக்கு இன்னும் வர முடியாதவர்கள் நம் மஹல்லாவில் யார் யார் என்று இன்றே விசாரியுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களின் இரவுகளில் அமைதியை இறக்குவாயாக! அவர்களைக் கவனிப்போருக்கு வலிமையைத் தருவாயாக! எங்கள் நாவுகளால் யாருடைய உள்ளமும் உடையாமல் காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.