78 நிமிஷமும் ஒரு தாயின் கேள்வியும்



நம்முடைய பத்திரிகையில் கால்பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று நினைக்காதீங்க. ஒரு வாலிபனுடைய சாட்சியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். பெயர் ஃபாப்ரிஸ் முவாம்பா. ஆப்பிரிக்காவில் கின்ஷாசா பட்டணத்தில் 1988-ல் பிறந்தவர். நாட்டில் ஆபத்து வந்தபோது தகப்பன் தப்பி இங்கிலாந்துக்குப் போனார். 1999-ல் மகன் 11 வயதில் அவரோடு போய்ச் சேர்ந்தான். ஆர்சனல் கிளப்பில் பயிற்சி பெற்று, பிற்பாடு போல்டன் அணியில் விளையாடினார்.

2012 மார்ச் 17, சனிக்கிழமை. அன்று காலையில் தகப்பனோடு ஜெபித்துவிட்டுத்தான் போனாராம். லண்டனில் டாட்டன்ஹாம் அணியோடு எஃப்.ஏ. கோப்பை காலிறுதி ஆட்டம். முதல் பாதி முடியும் நேரம், யாரும் இடிக்கவில்லை, தொடவில்லை, 23 வயது வாலிபன் புல்தரையில் விழுந்தார். இதயம் நின்றுபோயிற்று. இத்தனைக்கும் முன்னே எடுத்த பரிசோதனைகளில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தில் ஆண்ட்ரூ டீனர் என்ற இதய வைத்தியர் இருந்தார். காவலர்களிடம் சொல்லி மைதானத்துக்குள் இறங்கி ஓடினார். இப்படி விழுகிறவருடைய இதயம் பெரும்பாலும் தாறுமாறாகத் துடித்து, ரத்தத்தைத் தள்ள முடியாமல் போய்விடுகிறது. மார்பை விடாமல் அழுத்தினால் மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தம் போகும். மின்அதிர்ச்சி கொடுத்தால் துடிப்பு ஒழுங்குக்கு வரலாம். மைதானத்திலும் ஆம்புலன்ஸிலுமாக 15 தரம் அதிர்ச்சி கொடுத்தார்கள். டீனர் வேலை செய்த லண்டன் செஸ்ட் ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. 78 நிமிஷம் கழித்து இதயம் துடித்தது. ஸ்தோத்திரம்!

மறுநாள், அவரோடு முன்பு விளையாடிய கேரி கேஹில் செல்சி அணிக்காக ஒரு கோல் போட்டுவிட்டு, 'முவாம்பாவுக்காக ஜெபியுங்கள்' என்று எழுதிய உள்சட்டையைக் காட்டினார். சபைக்கே போகாதவர்கள்கூட அந்த வாரம் ஜெபித்தார்கள்.

இதை ஒரு உபவாசக் கூட்டத்தில் சொன்னேன். ஜனங்கள் அல்லேலூயா போட்டார்கள். நானும் உற்சாகத்தில், "விசுவாசித்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் விசுவாசத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்று ஒரே போடாகப் போட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் வந்து நின்றார்கள். "ஐயா, அந்தப் பையன் ஜெபத்தாலே பிழைச்சான்னா, என் பையனுக்கு நான் பண்ணினது என்ன?" மகனை அடக்கம்பண்ணி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அடக்க ஆராதனை நடத்தினவனே நான்தான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் சொல்லாமல் விட்ட ஒரு பாதி இருந்தது. அதே வருஷம் ஏப்ரல் 14, இத்தாலியில் பெஸ்காரா பட்டணத்தில் லிவோர்னோ அணிக்காக விளையாடிய பியெர்மாரியோ மொரோசினி இதேபோல மைதானத்தில் விழுந்தார். வயது 25. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். ஊனமுற்ற சகோதரி ஒருத்தி அவருக்கு இருந்தாள். ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் ஒரு கார் நின்றதால் தாமதமானது. மொரோசினி மரித்துப்போனார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 16-ல், முவாம்பா ஆஸ்பத்திரியை விட்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

முவாம்பாவுக்கு விசுவாசம் இருந்தது, மொரோசினிக்கு இல்லை என்று சொல்ல எனக்கு யார் தராசு கொடுத்தது? வழியை அடைத்து நின்ற காரைத் தேவசித்தம் என்று சொல்லவும் என் நாக்கு வராது. கார் நிறுத்துவது மனுஷன் செய்கிற காரியம்.

சிலர் வேறொன்று சொல்லுவார்கள்: "பிழைக்க வைத்தது வைத்தியர், நன்றியை அவருக்குச் சொல்லு." சொல்லட்டும், சொல்லத்தான் வேண்டும். பவுலோடு பிரயாணம் பண்ணின லூக்காவும் வைத்தியன்தானே! நன்றி என்பது பங்கு பிரிக்கிற சொத்து இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைந்துபோகாது. என்னை உறுத்தியது அது அல்ல.

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே ஏரோது பேதுருவைப் பிடித்தான், தூதன் வந்து விடுவித்தான். எத்தனை தரம் பிரசங்கம் பண்ணியிருக்கிறோம்! யாக்கோபின் மரணத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். அந்தச் சபை யாக்கோபுக்காக ஜெபிக்காமலா இருந்திருக்கும்? பேதுரு வந்து கதவைத் தட்டினபோதோ, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை. ரோதை என்ற வேலைக்காரப் பெண்ணைப் பைத்தியக்காரி என்றார்கள். அப்படியானால் அவர்களுடைய விசுவாசத்தின் அளவைப் பார்த்தா பேதுரு வெளியே வந்தான்? நான் மேடையில் போட்ட கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

இன்னொன்றும் தோன்றியது. யாக்கோபின் தாய் அந்த வீட்டில் இருந்தாள் என்று வேதத்தில் இல்லை. இருந்திருந்தால், பேதுரு தன் சாட்சியை எந்தக் குரலில் சொல்லியிருப்பான்?

முவாம்பாவுக்கும் எல்லாம் திரும்பக் கிடைக்கவில்லை. நெஞ்சில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். பெல்ஜியத்திலுள்ள நிபுணரிடமும் ஆலோசனை கேட்டார், அதன்பிறகு 2012 ஆகஸ்டில், 24 வயதில், விளையாட்டை விட்டுவிட்டார். 'இன்னும் நிற்கிறேன்' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய புத்தகம் அதே வருஷம் வந்தது. ஓடுகிறேன் என்றில்லை, நிற்கிறேன் என்றுதான் தலைப்பு. பிறகு பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பத்திரிகைத்துறை படித்து 2015-ல் பட்டம் வாங்கினார்.

போன மாதம் அதே சாட்சியை மறுபடி சொன்னேன். மொரோசினியின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன், முன்பு நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அல்லேலூயா சத்தம் குறைவாகத்தான் இருந்தது. அந்தத் தாய் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முடிகிற வரைக்கும் எழுந்து போகவில்லை.